க்ரோனியும் சர்வர் கடிகாரமும்: நீண்ட நாள் ஓட்டிப் பார்த்த அனுபவம்

சர்வரில் நேரம் தப்பாகக் காட்டுகிறது என்று யாராவது வந்தால் நான் கேட்கும் முதல் கேள்வி: எவ்வளவு வித்தியாசம்? முழு மணி, அரை மணிக் கணக்கில் துல்லியமாகத் தள்ளி நின்றால் கடிகாரத்தில் பெரும்பாலும் கோளாறு இருக்காது, டைம் ஸோன்தான் தப்பு. ஏழு நிமிடம் பதினெட்டு வினாடி என்று ஒட்டாத கணக்காக இருந்தால் கடிகாரமே நகர்ந்துவிட்டது. டைம் ஸோன் தப்பை 'டேட்' கட்டளையால் மணியை மாற்றிச் சரிசெய்யப் பார்ப்பவர்கள் ஏராளம். அப்போது சர்வர் அடிப்படையாக வைத்திருக்கும் யுடிசி (உலகப் பொது நேரம்) நேரமே கெட்டுப்போகும். பாதுகாப்பான இணைப்புக்கு உதவும் நல்ல டிஎல்எஸ் சான்றிதழ்கூட 'இன்னும் செல்லுபடியாகவில்லை' என்று பிழை காட்டும்.

கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ள, அதாவது நெட்வொர்க்கில் உள்ள நேர சர்வர்களைக் கேட்டு அதைச் சரியாக வைக்க, முன்பு என்டிபிடி என்ற நிரலை வைத்திருந்தேன். 1000 வினாடிக்கு மேல் பிசகியிருந்தால் அது வழக்கமாக வேலையை விட்டு வெளியேறிவிடும். இப்போது அதே வேலையைச் செய்யும் க்ரோனிக்கு அந்த அடம் கிடையாது, விர்ச்சுவல் மெஷினுக்கு (இன்னொரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் கணினி) அதுதான் தோது. ஆனால் அதன் கான்ஃபிக் ஃபைலில் வழக்கமாக வரும் 'மேக்ஸ்டெப் 1.0 3' என்ற வரியைக் கவனிக்க வேண்டும். பிசகு ஒரு வினாடிக்கு மேல் போனால் ஒரே தாவலில் சரிசெய், ஆனால் முதல் மூன்று அப்டேட்டுக்குள் மட்டும் என்று அர்த்தம். அதற்குப் பிறகு மெல்ல இழுத்துத்தான் சேர்க்கும். லினக்ஸில் இயல்பான உச்ச வேகமே 12 வினாடிக்கு ஒரு வினாடி; சஸ்பெண்டிலிருந்து எழுந்த மெஷின் ஒரு மணி நேரம் பின்தங்கியிருந்தால் குறைந்தது 12 மணி நேரம் ஆகும். அவசரத்துக்கு, உடனே தாவவைக்கும் 'க்ரோனிசி மேக்ஸ்டெப்' கட்டளை உண்டு. ஆனால் நேரம் பின்னோக்கித் தாவப்போகிறது என்றால் டேட்டாபேஸை நிறுத்திவிட்டுச் செய்வதே நல்லது.

எனக்குப் பிடித்தது, க்ரோனி நேரம் கேட்கும் சர்வர்களைப் பட்டியலிடும் 'க்ரோனிசி சோர்ஸஸ்' கட்டளை. அதில் 'ரீச்' என்ற நெடுவரிசையில் 377 இருந்தால் கடைசி எட்டுக் கேள்விக்கும் பதில் வந்திருக்கிறது (எட்டடிமான (ஆக்டல்) எண் அது, 377 முறை என்று படித்துவிடாதீர்கள்). பூஜ்யத்திலேயே நின்றால் முதல் சந்தேகம் ஃபயர்வால் மேல். யுடிபி 123 திறந்திருக்கிறதா பாருங்கள்.

டைம் ஸோன் பக்கம் க்ரோனிக்கு வேலையே இல்லை. 'டைம்டேட்சிடிஎல் செட்-டைம்ஸோன்' ஒரு நொடி வேலை. அதற்குப் பின்தான் தலைவலி. குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் க்ரான் பல நேரம் ரீஸ்டார்ட் செய்யும்வரை பழைய மணிக்கே ஓடும். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் சிஸ்டம் ஸோனை ஸ்டார்ட் ஆகும்போதுதான் எடுத்துக்கொள்ளும். கன்டெய்னர்களோ (ஆப்பைத் தனியாக அடைத்து ஓட்டும் பெட்டிகள்) ஹோஸ்ட், அதாவது அவை ஓடும் மெஷின், என்ன வைத்திருந்தாலும் பெரும்பாலும் யுடிசியிலேயே இருக்கும். நான் சர்வரை யுடிசியில் விட்டுவிட்டு, உள்ளூர் நேரத்தை ஆப் காட்டட்டும் என்ற கட்சி. லாக் படிக்கும்போது மனக்கணக்கு போட வேண்டியிருக்கும், பரவாயில்லை.

க்ரோனி 'சிங்க் ஆகிவிட்டது' என்று சொல்லியும் நேரம் அவ்வப்போது தாவினால், விர்ச்சுவல் மெஷினுக்குள் நிறுவும் துணை நிரல்களான கெஸ்ட் டூல்ஸும் ஹோஸ்ட் நேரத்தைத் தன் பங்குக்குத் திணிக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதில் டைம் சிங்க்கை அணைத்துவிடுங்கள்.