பிடிப்பு விட்டுப்போன டீமுக்கு எது உதவும்: போனஸா, முகாமா, கோச்சா, வேலையை மாற்றுவதா?

‘வேலையில் முன்ன மாதிரி பிடிப்பு இல்லை’ என்று சொல்பவர் பெரும்பாலும் சோம்பேறியாக இருப்பதில்லை. ஒரு காலத்தில் ராத்திரி தூங்கப் போகும்போது யோசனை வந்தால்கூட எழுந்து குறித்து வைத்தவராகத்தான் இருப்பார். அவரே இப்போது மீட்டிங்கில் கேமராவை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். டீம் முழுக்க இப்படி ஆகிவிட்டால் நிர்வாகத்துக்குத் தோன்றும் வழிகள் நான்கைந்துதான். காசு கொடுப்பது, எங்காவது கூட்டிக்கொண்டு போவது, தலைவருக்கு ஒரு கோச் வைப்பது, நோக்கத்தை எடுத்துச் சொல்வது, வேலையின் அமைப்பையே மாற்றுவது.

காசிலிருந்து தொடங்கலாம். பணம் யாரையும் தூண்டாது என்று பயிற்சி கொடுக்க வருபவர்கள் சொல்வதை நான் நம்புவதில்லை. கார் கண்ணாடி மாற்றித் தரும் சேஃப்லைட் என்ற அமெரிக்க நிறுவனம் 1990களின் நடுவில் மணிக்கணக்குச் சம்பளத்தை விட்டுவிட்டு, மாற்றிய கண்ணாடிக்கு இவ்வளவு என்று கொடுக்கத் தொடங்கியது. பொருளியலாளர் எட்வர்ட் லேசியர் அதை ஆராய்ந்து 2000இல் எழுதினார். ஓர் ஆளுக்கான உற்பத்தி 44 சதவீதம் கூடியிருந்தது. அதில் ஏறக்குறைய பாதி, அதே ஆட்கள் கூடுதலாக உழைத்ததால் வந்தது. மீதியில் பெரும்பங்கு, வேகமானவர்கள் வந்து சேர்ந்ததாலும் தங்கியதாலும்.

ஆனால் அங்கே வேலையை எண்ண முடிந்தது. கண்ணாடி மாட்டியாயிற்றா, இல்லையா, அவ்வளவுதான் கேள்வி. எண்ண முடியாத வேலையில் கதை வேறு. உளவியலாளர் எட்வர்ட் டெசி 1971இல் மாணவர்களிடம் புதிர்க்கட்டைகளைக் கொடுத்து, ஒரு பிரிவினருக்கு மட்டும் தீர்த்த புதிருக்குக் காசு தந்தார். காசு நின்ற பிறகு, அதுவரை வாங்கியவர்கள் ஓய்வு நேரத்தில் புதிரைத் தொடுவது குறைந்தது. ஆசையாகச் செய்ததைக் கூலிக்காகச் செய்வது போல மனம் எடுத்துக்கொண்டது. ஆகவே சம்பளம் நியாயமாக இல்லை என்ற குமுறல் டீமில் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். அந்தக் குமுறல் இருக்கும்வரை வேறு எதைச் செய்தாலும் எரிச்சலே மிஞ்சும். சம்பளம் சரியாக இருந்தும் பிடிப்பு போயிருந்தால், மேலே ஒரு போனஸ் வைப்பது அதைத் திருப்பிக் கொண்டுவராது.

முகாம், மேடைப் பேச்சாளர், டீம் அவுட்டிங் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒருவரையொருவர் திரையில் மட்டுமே பார்த்தவர்களுக்கு நேரில் இரண்டு நாள் சேர்ந்திருப்பது உண்மையிலேயே நல்லது. மற்றபடி வெள்ளிக்கிழமை கைதட்டிவிட்டு வந்தவர் திங்கட்கிழமை அதே இன்பாக்ஸைத்தானே திறக்கிறார்?

கோச் விஷயத்தில் எனக்கு இரண்டு மனம் உண்டு. டீம்களுக்கிடையே தெரியும் ஈடுபாட்டு வேறுபாட்டில் சுமார் 70 சதவீதம் மேனேஜரால் வருகிறது என்று கருத்துக்கணிப்பு நடத்தும் கேலப் நிறுவனம் சொல்கிறது. அவர்களும் இந்தத் துறையில் ஆலோசனை விற்பவர்கள்தான், அதனால் எண்ணைக் கொஞ்சம் தள்ளி நின்றே பார்க்கிறேன். ஆனாலும் திசை சரி. தலைவரே சோர்ந்து போயிருந்தால் கீழே இருப்பவர்களை எது நிமிர்த்தும்? நல்ல கோச் அறிவுரை சொல்ல மாட்டார். ‘இதில் எது உங்களால் முடிவெடுக்கக் கூடியது?’ என்பது போலக் கேட்டுக் கேட்டு, தலைவர் தானே கண்டுகொள்ள விடுவார். தனக்கு மேலே இருப்பவரிடம் சொல்ல முடியாததை, கீழே இருப்பவரிடம் சொல்லக் கூடாததைப் பேச ஓர் இடம் கிடைப்பதே பாதி பலன். அங்கே பேசுவது ஹெச்.ஆர். காதுக்குப் போகாது என்ற உறுதி வேண்டும். அது இல்லாத கோச்சிங் இன்னொரு அப்ரைசல்தான்.

இதில் ஒரு குழப்பத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்ட ஐ.சி.டி.-11 என்ற சர்வதேச நோய் வகைப்பாட்டுப் பட்டியலில் ‘பர்ன்அவுட்’ ஒரு நோயாக இல்லை. சமாளிக்கப்படாமல் நீடித்த பணியிட அழுத்தத்தால் வரும் நிலை என்று இருக்கிறது. ஆற்றல் தீர்ந்துபோவது, வேலையிலிருந்து மனம் விலகிக் கசந்துபோவது, செய்வதில் திறன் குறைந்ததாக உணர்வது என்று அதற்கு மூன்று அடையாளங்கள். இரண்டு பேர் வேலையைச் சுமக்கும் ஒருவருக்கு இந்த மூன்றும் இருந்தால் அவருக்குத் தேவை கோச் இல்லை, இன்னொரு ஆள். ஆளைப் போடாமல் கோச்சைப் போடுவது, தாங்கும் சக்தி போதவில்லை என்று அவர்மேலேயே பழிபோடுவதாகத்தான் முடிகிறது.

அடுத்தது நோக்கம். இதில் சொல்வதற்கும் காட்டுவதற்கும் இருக்கும் தூரம் பெரிது. உளவியலாளர் ஆடம் கிராண்டும் உடன் ஆய்வாளர்களும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பல்கலைக்கழகத்துக்காக போனில் நன்கொடை கேட்பவர்களைக் கவனித்தார்கள். அந்த நன்கொடையால் உதவித்தொகை பெற்ற ஒரு மாணவரை ஒரு பிரிவினர் சில நிமிடங்கள் சந்தித்துப் பேசினார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் அவர்கள் வாரத்துக்குப் போனில் செலவிட்ட நேரம் 142 சதவீதமும், திரட்டிய தொகை 171 சதவீதமும் கூடியிருந்தன. மற்ற பிரிவினரிடம் அப்படி மாற்றம் இல்லை. யாரும் உரையாற்றவில்லை, சுவரில் எதையும் ஒட்டவில்லை. தங்கள் வேலை போய்ச் சேரும் மனிதரைப் பார்த்தார்கள், அவ்வளவே. செலவு என்று பார்த்தால் இந்தப் பட்டியலிலேயே மலிவான வழி இதுதான். கணக்குப் பிரிவு, சர்வர் பராமரிப்பு போன்ற இடங்களில் பயனாளர் பக்கத்து அறைச் சக ஊழியராகவே இருக்கலாம். அவரை அழைத்து வந்து பேச வைப்பது யாருக்கும் தோன்றுவதில்லை.

நான் முன்பு இருந்த ஒரு டீமில் இதற்கு நேர்மாறாக நடந்தது. நோக்க வாசகம் எழுதுவதற்கென்றே ஒரு முழு நாள் பட்டறை. அதே மாதத்தில் ஒரு சாதாரண மென்பொருள் உரிமத்துக்கு மூன்று பேரின் அப்ரூவலுக்காகக் காத்திருந்தோம். வாசகம் என்னவென்று இன்று எனக்கு நினைவில்லை. அப்ரூவலுக்காக அனுப்பிய மின்னஞ்சல்கள் நன்றாக நினைவிருக்கின்றன.

அதனால்தான் என் ஓட்டு கடைசி வழிக்கு, வேலையின் அமைப்பை மாற்றுவதற்கு. ஆய்வாளர்கள் தெரெசா அமபிலேயும் ஸ்டீவன் கிராமரும் 7 நிறுவனங்களைச் சேர்ந்த 238 பேரிடம் தினமும் நாட்குறிப்பு வாங்கினார்கள், ஏறக்குறைய 12,000 பதிவுகள். நல்ல நாட்களில் அடிக்கடி தென்பட்டது ஒன்றுதான்: பொருளுள்ள வேலையில் ஏதோ ஒன்று முன்னே நகர்ந்திருந்தது, சிறு நகர்வாக இருந்தாலும். ஆனால் எது ஊழியர்களைத் தூண்டும் என்று சுமார் 670 மேலாளர்களை ஐந்து காரணங்களை வரிசைப்படுத்தச் சொன்னபோது, முன்னேற்றத்தைக் கடைசியில் வைத்தார்கள். முகாமுக்குப் பணம் ஒதுக்கும் நிர்வாகம் வழியிலுள்ள தடையை எடுக்க மறப்பது இங்கிருந்துதான் வருகிறது போலும்.

அமைப்பை மாற்றுவது என்றால் பெரிய சீர்திருத்தம் வேண்டியதில்லை. ஒரு வேலையைத் தொடக்கம் முதல் முடிவு வரை ஒருவரிடமே விடுவது, எப்படிச் செய்வது என்பதை அவர் முடிவுக்கே விடுவது, பலன் என்ன ஆனது என்று அவருக்குத் தெரிய வைப்பது. வேலை வடிவமைப்பை ஆராய்ந்த ஹேக்மனும் ஓல்ட்ஹாமும் 1970களிலேயே சொன்னவைதான் இவை. சொல்ல எளிது, செய்யும்போது மேனேஜருக்கு வலிக்கும், ஏனென்றால் கையெழுத்துப் போடும் அதிகாரம் அவரிடமிருந்து போக வேண்டும். பலன் தெரியவும் மாதக்கணக்கில் ஆகும். இன்னொரு ஆபத்தும் உண்டு. ‘வேலையை உங்கள் விருப்பப்படி வளர்த்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லிவிட்டு, அப்புறம் கூடுதல் வேலையை ஓசியில் வாங்கிக்கொள்ளும் இடங்கள்.

தலைவர் சோர்ந்து, டீம் நன்றாகவே இருக்கும் இடத்தில் கோச்சுக்குச் செலவிடலாம். டீம் சோர்ந்து, தலைவர் மட்டும் துள்ளலாக இருக்கும் இடத்தில் அந்தப் பணத்தை அவருக்குச் செலவிட வேண்டாம். அவர் ஒவ்வொருவரையும் தனியாக உட்கார வைத்து, ‘இந்த வாரம் உங்கள் வேலையை எது நிறுத்தியது?’ என்று கேட்டு எழுதிக்கொள்ளட்டும். பட்டியலில் மூன்றாவது வரிக்குள் அவர் பெயரே வந்துவிட்டால், சரி, அப்போது கோச்சைக் கூப்பிடலாம்.