என் வெண்புள்ளியோடு மனதையும் கவனித்த தோல் கிளினிக்

கண்ணைச் சுற்றியும் உதட்டோரத்திலும் வெண்புள்ளி வந்து எனக்கு ஆறு வருடம் ஆகிறது. இதுவரை பார்த்த மருத்துவர்கள் எல்லோரும் களிம்பு எழுதிக் கொடுத்து, ‘இது ஒட்டாது, பயப்படாதே’ என்று சொன்னதோடு சரி, கல்யாண வீடுகளுக்கே நான் போவதில்லை என்பதை யாரும் கேட்டதில்லை.

இந்தச் சின்ன கிளினிக்கில் முதல் நாளே தோல் நோய் அன்றாட வாழ்க்கையை எவ்வளவு பாதிக்கிறது என்று அளக்கும் டிஎல்கியூஐ என்ற பத்துக் கேள்வித் தாளைக் கொடுத்தார்கள். 1994-இல் பிரிட்டனின் கார்டிஃப் நகரில் உருவான தாள். போன வாரம் தோலால் கூச்சப்பட்டீர்களா, உடுத்துவதை மாற்றினீர்களா, நாலு பேரோடு பழகுவது பாதித்ததா என்று கேட்கிறது. மொத்த மதிப்பெண் 30, அதில் 10-ஐத் தாண்டினாலே பாதிப்பு மிக அதிகம் என்று கணக்கு. எனக்கு 17. அதைப் பார்த்ததும் அழுதுவிட்டேன், மருத்துவர் அவசரப்படுத்தாமல் காத்திருந்தார்.

அப்புறம் டாக்ரோலிமஸ் களிம்பு, வாரம் இரண்டு முறை புற ஊதா ஒளி சிகிச்சை, கூடவே மனநல ஆலோசகர். இரவில் மனசு தாங்கவில்லை என்றால் அழைக்கச் சொல்லி டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி மையத்தின் 14416 எண்ணையும் எழுதிக் கொடுத்தார்கள், தமிழிலேயே பேசலாம். கண்ணோரம் நிறம் திரும்புகிறது, உதடு மெதுவாகத்தான்.

குறை இரண்டு. ஆலோசகர் சனிக்கிழமை மட்டுமே வருகிறார், வேலைக்குப் போகிறவர்களுக்கு அது போதாது. காத்திருக்கும் அறையில் சிவப்பழகு க்ரீம் போஸ்டர் ஒன்று தொங்குகிறது, வெள்ளைத் திட்டுகளோடு வருகிறவர்கள் அதன் எதிரில்தான் உட்கார வேண்டியிருக்கிறது. தயவுசெய்து அதைக் கழற்றுங்கள்.