உச்சிப்புளி பக்கத்துக் கிராப்ளிங் பயிற்சிக்கூடமும் அதன் கலப்புப் போட்டியும்: ஒரு தந்தையின் மதிப்பீடு

இராமநாதபுரத்திலிருந்து மண்டபம் செல்லும் சாலையில், உச்சிப்புளியைத் தாண்டியதும், முன்பு கருவாட்டுக் கிடங்காக இருந்த தகரக் கூரைக் கட்டடம் ஒன்றில் இயங்கும் கிராப்ளிங் (அடி, குத்து இல்லாமல் பிடித்து மடக்கும் மல்லுக்கட்டு) பயிற்சிக்கூடத்துக்கு என் மகளும் மகனும் பதினான்கு மாதங்களாகச் சென்று வருகிறார்கள். அங்கே தரப்படும் பயிற்சிக்கு ஐந்துக்கு நான்கரை கொடுப்பேன். சென்ற மாதம் ஆணையும் பெண்ணையும் மோதவிட்டு அவர்கள் நடத்திய போட்டிக்கு இரண்டுக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை. கூடத்தின் பெயரை எழுதாமல் விடுகிறேன். இந்தக் கரையோரத்தில் பிள்ளைகளை இப்படிப்பட்ட கூடங்களுக்கு அனுப்ப நினைப்பவர்களுக்கு, எதையெல்லாம் கேட்டுவிட்டுப் பணம் கட்ட வேண்டும் என்பது தெரிந்தால் போதும்.

மாதக் கட்டணம் 800 ரூபாய். வீட்டிலிருந்து வரும் இரண்டாவது பிள்ளைக்கு 500. மழைக்காலத்தில் சுவரிலிருந்து இன்னும் நெத்திலி வாசனை வரும் என்பதைத் தவிர, சுத்தத்தில் குறை சொல்ல இடமில்லை. ஒவ்வொரு வகுப்புக்குப் பின்னும் பயிற்சி மெத்தையைக் கிருமிநாசினி கலந்த நீரால் துடைக்கிறார்கள். நகம் வெட்டாமல் வருபவர்களை வாசலிலேயே நிறுத்தி நகவெட்டியைக் கையில் கொடுக்கிறார்கள். படர்தாமரை இருந்தால் முழுமையாகக் குணமாகும் வரை வரக்கூடாது. பெண்கள் உடை மாற்றும் இடத்துக்குக் கதவு இல்லை, தார்ப்பாய்த் திரைதான். இதைப் பலமுறை சொல்லியும் மாறவில்லை.

வாரத்தில் இரண்டு நாள் பெண்களுக்குத் தனி வகுப்பு உண்டு. மூத்த மாணவி ஒருவர் நடத்துகிறார். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கத்திலிருந்து வரும் பெண்கள் பெரும்பாலும் அந்த வகுப்பில்தான் இருக்கிறார்கள். மற்ற நாள்களில் ஆணும் பெண்ணும் சேர்ந்து பயில்கிறார்கள். யாரோடு உருள்வது, அதாவது பயிற்சிக்கு மோதுவது என்பதை அந்தப் பெண்ணே முடிவு செய்யலாம், வேண்டாம் என்றால் காரணம் கேட்கப்படாது என்ற விதியைச் சுவரில் எழுதியே வைத்திருக்கிறார்கள். என் மகள் தன்னைவிட வலியவர்களோடு பயின்றுதான் கார்டு எனப்படும் கீழிருந்து காக்கும் நிலையில் தேர்ந்தாள். சேர்ந்து பயில்வது குறித்து எனக்கு எந்த மறுப்பும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போட்டிக்கு வருகிறேன். விளம்பரத் தட்டியில் ‘சர்வதேச விதிமுறைப்படி’ என்று போட்டிருந்தார்கள். புள்ளிக்கணக்கு உண்மையிலேயே கிராப்ளிங் வகைகளில் ஒன்றான பிரேசிலிய ஜியு-ஜிட்சுவின் சர்வதேசக் கூட்டமைப்புடைய கணக்குதான்: கீழே வீழ்த்தினால் 2, கீழிருந்து புரட்டினால் 2, கார்டைக் கடந்தால் 3, மேலேறி அமர்ந்தால் 4, முதுகைப் பிடித்தால் 4, வெள்ளை பெல்ட் (தொடக்கநிலை) பெரியவர்களுக்கு ஐந்து நிமிட ஆட்டம். ஆனால் அதே கூட்டமைப்பு ஆண்களையும் பெண்களையும் தனித்தனிப் பிரிவுகளில்தான் மோதவிடுகிறது என்பதை மட்டும் தட்டி எழுதியவர்கள் வசதியாக விட்டுவிட்டார்கள். ஆண், பெண் என்று பிரிக்காமல் எடையை மட்டும் பார்த்துப் பட்டியல் போட்டிருந்தது, காலையில் எடைபோடும் மேசைக்குப் போன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

மாஸ்டர் சொன்ன காரணத்தைத் தள்ளிவிட முடியாது. பெரியவர் பிரிவில் பதிந்திருந்த பெண்கள் நான்கே பேர், அதுவும் மூன்று எடைப்பிரிவுகளில். தனியாக வைத்தால் இரண்டு பேர் ஆடாமலே தங்கம் வாங்கிப் போவார்கள். முந்தைய போட்டியில் என் மகளுக்கு நடந்தது அதுதான். அந்தப் பதக்கம் எங்கள் வீட்டில் சாவிக்கொத்தோடு ஒரே ஆணியில் தொங்குகிறது, யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

சிறுவர் பிரிவில் கலந்து ஆடவிட்டது நன்றாகவே இருந்தது. பதினொரு வயதான என் மகனைப் பாம்பனிலிருந்து வந்த அவன் வயதுச் சிறுமி ஒருத்தி முதுகைப் பிடித்து 4 புள்ளி எடுத்துத் தோற்கடித்தாள். பருவம் எய்தும் முன் இருபாலருக்கும் வலிமையில் பெரிய வேறுபாடு இல்லை. அவன் ஒருநாள் உம்மென்று இருந்துவிட்டு, மறுநாள் அதே பிடியைத் தலையணையில் பழகிக்கொண்டிருந்தான்.

என் மகளுக்குப் பத்தொன்பது வயது, எடை 54 கிலோ. எதிரில் நின்றவர் மண்டபத்தில் படகுக்குப் போகும் இருபத்து நான்கு வயது இளைஞர், எடை 55 கிலோ. இருவரும் வெள்ளை பெல்ட். தொடக்கத்திலேயே அவள் அவரைக் கார்டுக்குள் இழுத்து, இடுப்பைத் திருப்பிப் புரட்டி 2 புள்ளி எடுத்தாள், கூடம் கைதட்டியது. அவர் எழுந்து வந்து அவளுடைய இரண்டு மணிக்கட்டுகளையும் பிடித்தார். கட்டைவிரல் பக்கமாகத் திருகி உருவும் வழியை அவள் முறைப்படிதான் செய்தாள், மூன்று முறை செய்தாள். வலைக்கயிறு இழுத்துப் பழகிய அந்த விரல்கள் அசையவே இல்லை. அப்படியே கார்டைக் கடந்தார், மேலேறி அமர்ந்தார், வலக்கையை மடக்கிப் பூட்டினார். அவள் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டாள். ஆட்டம் முடிந்ததும் அவர் தண்ணீர் பாட்டிலோடு வந்து, “வலிக்குதா தங்கச்சி? நான் மெதுவாத்தான் பிடிச்சேன்” என்று உண்மையான அக்கறையோடு கேட்டார். திரும்பும் பேருந்தில் மணிக்கட்டில் இருந்த நான்கு விரல் தடத்தைப் பார்த்துக்கொண்டே, “தோத்தது பரவாயில்லப்பா, மெதுவாப் பிடிச்சேன்னு சொன்னாருல்ல, அதான்” என்றாள்.

இது அந்த ஒரு இளைஞரின் கை சம்பந்தப்பட்ட விஷயம் அன்று. 2007இல் வெளியான ஜெர்மானிய ஆய்வு ஒன்று 1,654 ஆண்கள், 533 பெண்கள், இவர்களோடு ஜூடோ, ஹேண்ட்பால் போன்ற ஆட்டங்களில் உயர்நிலைப் பயிற்சி பெற்ற 60 வீராங்கனைகள் ஆகியோரின் கைப்பிடி வலிமையை அளந்தது. பெண்களில் 90 விழுக்காட்டினரின் பிடி, ஆண்களில் 95 விழுக்காட்டினரின் பிடியைவிடக் குறைவாக இருந்தது; வீராங்கனைகளின் பிடிகூடச் சாதாரண ஆண்களின் நடுநிலையை அரிதாகவே தாண்டியது. கிராப்ளிங் பிடியில் தொடங்கிப் பிடியில் முடிகிற ஆட்டம். தராசில் இருவரும் ஏறக்குறைய ஒரே எடை காட்டினாலும், அதில் தசை எவ்வளவு, எலும்பு எவ்வளவு என்பதைத் தராசு சொல்வதில்லை.

மல்யுத்த வீராங்கனை ஹமீதா பானுவைச் சொல்லிக் கூடத்தில் சிலர் என்னை மடக்கப் பார்த்தார்கள். 1954இல் பரோடாவில் பாபா பயில்வான் என்ற ஆண் மல்லரை ஒரு நிமிடம் 34 விநாடியில் வீழ்த்தியதாகச் சொல்லப்படும் அந்தப் பெண்மணியை நானும் வணங்குகிறேன். ஆனால் ஆண்களை அறைகூவி அழைத்தவர் அவரே; யாரும் அவரைக் காலை எட்டு மணிக்கு எடைமேசையில் வைத்துப் பட்டியலைக் காட்டவில்லை. பெண்கள் மல்யுத்தம் 2004இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் தனிப் பிரிவாக நுழைந்ததால்தான், 2016இல் ரியோவில் 58 கிலோ பிரிவில் சாக்‌ஷி மாலிக் வெண்கலம் வாங்கும் மேடை கிடைத்தது.

ஆண்களுக்கும் அன்று நியாயம் நடக்கவில்லை. ஒரு பையன் பெண்ணோடு ஆட மாட்டேன் என்று மெத்தைக்கே வரவில்லை. இன்னொருவன் ஆடுவதுபோல் நடித்து விட்டுக்கொடுத்தான், அது கூரையில் இருந்த காக்கைக்கும் தெரிந்தது. பெரியபட்டினத்துப் பெண் ஒருத்தியைப் பட்டியல் பார்த்ததும் அவளுடைய தாயார் அழைத்துப் போய்விட்டார். அவர்கள் கட்டிய 350 ரூபாயை ‘விதிப்படி திருப்பித் தர இயலாது’ என்று சொல்லிவிட்டார்கள். ஐந்தில் மூன்று புள்ளி குறைத்ததில் ஒரு முழுப் புள்ளி இதற்குத்தான்.

மாஸ்டரிடம் மூன்று யோசனை சொன்னேன். பருவ வயதுக்கு மேல் பிரிவுகளைத் தனியாக வைத்து, மதுரை, தூத்துக்குடிக் கூடங்களோடு சேர்ந்து நடத்தினால் பெண்களின் எண்ணிக்கை கூடும். ஆண்களோடு மோத விரும்பும் பெண்ணுக்கு, இருவரும் முன்கூட்டியே கையெழுத்திட்ட தனி ஆட்டம் வைக்கலாம். கலப்பு என்ற சொல் கட்டாயம் வேண்டுமென்றால், 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கின் ஜூடோ கலப்பு அணிப் போட்டிபோல, மூன்று ஆண்களும் மூன்று பெண்களும் ஓரணியாக நின்று, ஆணோடு ஆணும் பெண்ணோடு பெண்ணும் மோதி, வெற்றிகளைக் கூட்டிக் கணக்கிடலாம். அவர் பொறுமையாகக் கேட்டார். பதிவுப் படிவத்தில் ஒரு கட்டம் சேர்ப்பதாகச் சொன்னார். எந்தக் கட்டம் என்று சொல்லவில்லை.

அடுத்த மூன்று மாதக் கட்டணத்தைக் கட்டிவிட்டேன். மகள் செவ்வாய்க்கிழமை வகுப்புக்குப் போனாள். மணிக்கட்டுப் பிடியை உருவும் பயிற்சிக்கு அவளே அந்த மண்டபத்து அண்ணனைத் தேடிப் பிடித்து, “இந்தத் தடவை மெதுவாப் பிடிக்காதீங்க” என்று கேட்டாளாம்.