மெரிடாவில் பழைய வீட்டு ஹோட்டல் எடுக்கிறவர்கள் பணம் அனுப்புமுன் இதைப் படியுங்கள்

மெக்சிகோவின் மெரிடாவில், பழைய மாளிகையை ஹோட்டலாக மாற்றிய இடத்தில் தங்க நினைக்கிறவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படிக்கவும். ஏப்ரல் கடைசியில் மூன்று இரவுக்குப் பணம் கட்டினோம். படத்தில் பார்த்த வீட்டில் ஒரு இரவுகூடத் தூங்கவில்லை.

மனைவியின் அம்மா காரைக்குடியிலிருந்து ஹூஸ்டனுக்கு எங்களிடம் வந்திருந்தார். மெரிடாவைத் தேர்ந்தெடுத்ததே அத்தைக்காகத்தான். செல்லுபடியாகும் அமெரிக்க விசா கையில் இருந்தால் இந்தியப் பாஸ்போர்ட்டுக்குத் தனியாக மெக்சிகோ விசா வேண்டாம். அந்த ஊரின் பெரிய வீடுகளில் பல, செட்டிநாட்டு வீடுகள் எழுந்த அதே காலத்தில், ஹெனிகேன் என்ற கற்றாழை நாரை ஏற்றுமதி செய்து வந்த பணத்தில் கட்டியவை. தெருக்கதவைத் திறந்தால் நடை, அதைத் தாண்டி முற்றம், சுற்றிலும் வளைவுகள், அண்ணாந்து பார்க்கிற உயரத்தில் கூரை. தரையில் பூப்போட்ட சிமெண்டுக் கல். மொசைக்கோ தெ பாஸ்தா என்கிறார்கள். சாயம் கலந்த சிமெண்டை அச்சில் ஊற்றி, சூளையில் சுடாமல் பதப்படுத்துவது. ஆத்தங்குடிக் கல்லுக்கு அண்ணன் தம்பி என்றே சொல்லலாம். படத்தைப் பார்த்ததுமே அத்தைக்கு முகம் மலர்ந்துவிட்டது.

இரவுக்கு 165 டாலர் என்று முன்பதிவுத் தளத்தில் போட்டிருந்தது. அத்தைக்கு முழங்கால் வலி, கீழ்த்தள அறை கிடைக்குமா என்று எழுதிக் கேட்டேன். உரிமையாளர் வாட்ஸ்அப்புக்கு வரச் சொன்னார். முற்றத்தை ஒட்டிய கீழ் அறையே தருகிறேன், நேரடியாக எடுத்தால் பத்து சதவீதம் குறைவு, ஸெல் (Zelle) என்ற அமெரிக்க வங்கிப் பணப் பரிமாற்றச் சேவையில் அனுப்பிவிடுங்கள் என்றார். அமெரிக்க வங்கிக் கணக்கு வைத்திருந்தார், பேச்சும் பண்பாக இருந்தது. 445 டாலர் 50 சென்ட் அனுப்பினேன். மொத்த ஏமாற்றும் இந்த இடத்தில்தான் தொடங்கியது.

இரவு ஒன்பதரைக்கு டாக்ஸி போய் நின்றது படத்தில் பார்த்த அதே கதவின் முன்னால்தான். உள்ளே இருந்த பையன் பெட்டியை வாங்கிக்கொண்டு எங்களைத் தாண்டித் தெருவில் இறங்கி நடந்தான். இரண்டு பிளாக் தள்ளி வேறொரு கதவு. உள்ளே முற்றம் கிடையாது, ஒரு சந்து, அதன் கடைசியில் இரும்புச் சுழல்படி. கீழ்த்தளம் கேட்டோமே என்றால், இதுவும் எங்கள் வீடுதான், மற்றது நிரம்பிவிட்டது என்றான். அந்த நேரத்தில் வயதானவரை எங்கே கூட்டிக்கொண்டு போவது? “பரவாயில்ல மாப்பிள்ளை, மெதுவா ஏறிடுவேன்” என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினார். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

காலையில் அத்தை செருப்பில்லாமல் தரையில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: “இது கல்லே இல்ல மாப்பிள்ளை. கடையில விக்கிற டைல்ஸு. கல்லுன்னா காலுக்கு ஜில்லுனு இருக்கும்.” குனிந்து பார்த்தேன், பளபளவென்று பூ அச்சடித்த டைல்ஸ். மேலே தாழ்வான கான்கிரீட் தளம், சுவரில் ஜன்னலே இல்லை. ஏப்ரல், மே மாதங்களில் மெரிடாவில் வெயில் 40 டிகிரியைத் தொடும். பழைய வீடுகளில் தடித்த சுண்ணாம்புக்கல் சுவரும் உயர்ந்த கூரையும் அதைத் தாங்கும். இந்த அறையில் ஏசி ஓயாமல் ஓடியும் வியர்த்தது. மாடித் தொட்டி நாளெல்லாம் காய்ந்ததால் மதியம் குளிர்ந்த நீர்க் குழாயைத் திறந்தாலும் கொதிநீர்தான் வந்தது.

இரண்டாம் நாள் கையில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். $1,680 என்று இருந்தது. மனைவி பதறிப்போனாள். மெக்சிகோவில் பெசோவுக்கும் இதே குறிதான், அது பெசோ கணக்கு. 16 சதவீத மதிப்புக்கூட்டு வரி, மாநிலத்தின் தங்கும் வரி, எல்லாம் ரொக்கமாக வேண்டும், இல்லையென்றால் மாலையோடு கதவைத் திறக்க அழுத்தும் எண் வேலை செய்யாது என்றார்கள். வரி சேர்த்த மொத்த விலையை முதலிலேயே காட்ட வேண்டும் என்பது அந்நாட்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 7 பிஸ் பிரிவு. அது எனக்கு ஊர் திரும்பிய பிறகுதான் தெரியும். அங்கே கொடுத்துவிட்டேன். ரசீது கேட்டதற்கு நாளை என்றார்கள். அந்த நாளை வரவே இல்லை.

திரும்பி வந்து வங்கியைக் கேட்டேன். நீங்களே அனுப்பிய ஸெல் பணத்தைத் திரும்ப எடுக்க முடியாது என்றார்கள். முன்பதிவுத் தளத்தில் எங்கள் பெயரில் பதிவே கிடையாது. மெக்சிகோ அரசின் நுகர்வோர் அமைப்பான ப்ரொஃபெகோவிடம் போகலாம் என்று பார்த்தால், காட்டுவதற்கு ரசீது இல்லை. கடைசியில் உரிமையாளரே எழுதினார்: நான் போட்ட விமர்சனத்தை எடுத்துவிட்டால் ஓர் இரவுப் பணத்தைத் தருகிறாராம். மறுத்துவிட்டேன். இன்னொரு அத்தை அந்தப் படியில் ஏறக்கூடாது.

மெரிடா அருமையான ஊர், போகாதீர்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் அறையின் முகவரியைக் குறுக்குத் தெருக்களோடு எழுதி வாங்குங்கள். அங்கே தெருக்களுக்கு எண்தான் பெயர்: இரட்டை எண் வடக்கு தெற்காக ஓடும், ஒற்றை எண் கிழக்கு மேற்காக. “59ஆம் தெரு, 64க்கும் 66க்கும் நடுவில்” என்கிற மாதிரி முகவரி வந்தால் வீடு எங்கே என்று வரைபடத்தில் பார்த்துவிடலாம். தெருக்கதவிலிருந்து உங்கள் அறைவரை நடந்து ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நேர்மையான இடமென்றால் ஒரு நிமிட வேலை. விலை கேட்கும்போது “ஈவா இன்க்லுயீதோ?” என்று கேளுங்கள், வரி சேர்த்தா என்று அர்த்தம். கீழ்த்தளம் வேண்டுமென்றால் “பிளாந்தா பாஹா”. அப்புறம், தள்ளுபடி எவ்வளவு சொன்னாலும் கிரெடிட் கார்டிலோ தளத்தின் வழியாகவோ மட்டும் கட்டுங்கள்.

காலை உணவு அந்த முதல் வீட்டில்தான். மூன்று நாளும் அத்தை இரண்டு பிளாக் நடந்துபோய், முற்றத்துத் தரையில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். நேற்றும் தளத்தைத் திறந்து பார்த்தேன். இரண்டு பிளாக் தள்ளியிருக்கும் அந்த மாடி அறைக்கும் இந்த முற்றத்தின் படத்தைத்தான் போட்டிருக்கிறார்கள்.