கேம்ஸ்டாப்: தம்பிக்குக் கைகொடுத்த சேவை

ஹட்டனிலிருந்து லண்டன் போன என் தம்பி, சம்பளம் வந்த இரவே போனில் சூதாட்ட ஆப்பைத் திறந்து பாதியைத் தொலைத்துவிடுவான், அம்மா கொழுந்து பறித்துக் கட்டிய சீட்டுக் காசும் அப்படித்தான் போனது. அப்புறம்தான் கேம்ஸ்டாப்பில் (GAMSTOP) பதிந்தான், இணையச் சூதாட்டத்திலிருந்து நம்மை நாமே விலக்கி வைத்துக்கொள்ள உதவும் பிரிட்டன் சேவை அது. இலவசம். 6 மாதம், 1 வருடம், 5 வருடம் என்று தெரிவு செய்யலாம். பிரிட்டனில் உரிமம் பெற்ற எந்த இணையச் சூதாட்டத் தளத்திலும் ஆப்பிலும் அதுவரை நுழைய முடியாது, இடையில் மனம் மாறிக் கெஞ்சினாலும் ரத்துச் செய்ய மாட்டார்கள் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. பெயர், பிறந்த திகதி, மின்னஞ்சல் எல்லாம் சரியாகக் கொடுங்கள், அதை வைத்துத்தான் ஆளை அடையாளம் காண்கிறார்கள். ஒரு குறை, உரிமம் இல்லாத வெளிநாட்டுத் தளங்களை இது தடுக்காது. பிரிட்டனில் கடன் அட்டையால் சூதாடுவதை 2020 ஏப்ரலிலேயே தடை செய்துவிட்டார்கள், சரி, டெபிட் அட்டைக்கு? வங்கி ஆப்பிலேயே சூதாட்டத் தடையைப் போடச் சொன்னேன், போட்டுவிட்டான்.