‘டூப்ளிகேட் ஏறவே ஏறாது’ என்று விற்றார்கள்: 65,000 ரூபாய் போச்சு

பெயர் போடவில்லை. சின்னக் கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதித் தரும் கம்பெனி, அது போதும். 65,000 ரூபாய், மொத்தமும் முன்பணமாக வாங்கிக்கொண்டார்கள்.

பணத்தைக் கொடுக்க வைத்தது டெமோதான். சேவ் பட்டனை இரண்டு தடவை தட்டிக் காட்டினார்கள், பதிவுகள் சேரும் டேட்டாபேஸ் டேபிளில் ஒரே வரி (ஒரு பதிவு). “பாத்தீங்களா சார், டூப்ளிகேட் ஏறவே ஏறாது.” முதல் தட்டிலேயே பட்டனை முடக்கிவிடும் ஜாவாஸ்கிரிப்ட் வித்தை அது. கடையில் பதிவு இரட்டிப்பது வேறு வழியாக. பதில் வரத் தாமதமானால் பணத்தை வாங்கித் தரும் பேமெண்ட் கேட்வே, ‘பணம் வந்தது’ என்ற அதே தகவலை (வெப்ஹுக்) மறுபடி அனுப்பும். இவர்கள் புரோகிராம் முதலில் செலக்ட் (தேடும் கட்டளை) போட்டு அந்தப் பேமெண்ட் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் இன்சர்ட் (புது வரி சேர்ப்பது) செய்கிறது. இரண்டு கோரிக்கையும் ஒரே நேரத்தில் வந்தால் இரண்டுக்கும் ‘இல்லை’ என்றே பதில், இரண்டும் ஏறிவிடும். தேடுவதையும் சேர்ப்பதையும் ஒரே தொகுப்பாக்கி டிரான்சாக்‌ஷனுக்குள் வைத்தாலும் வழக்கமான ஐசொலேஷனில் (தொகுப்புகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துவைக்கும் அளவு) சாதாரண செலக்ட் யாரையும் நிறுத்தாது. வாடிக்கையாளர் கணக்கில் கட்டாத பணம் வரவாகி நிற்கிறது.

கேட்டால் முதலில் “சர்வர் ஸ்லோ சார்”. அப்புறம் “கேட்வேகாரங்களைக் கேளுங்க”. ஒரே மதிப்பு இரண்டு தடவை ஏறாமல் தடுக்கும் யுனிக் கன்ஸ்ட்ரெய்ன்ட் எங்கே என்றால் “பிரைமரி கீ இருக்கே!” வரியின் அடையாளமான அந்தக் கீ, தானாக ஏறும் ஆட்டோ இன்கிரிமென்ட் ஐடி. ஒவ்வொரு வரிக்கும் புது எண் போட்டுக்கொள்வது எதைத் தடுக்கும்? கடைசியில் ரிப்போர்ட்டில் டிஸ்டிங்க்ட் (ஒரே மாதிரி வரிகளை ஒன்றாகக் காட்டும் சொல்) சேர்த்து இரட்டை வரியை மறைத்துவிட்டு டிக்கெட்டை (புகாரை) மூடிவிட்டார்கள். இருப்புத் தொகை இன்னும் தப்பு. இனிமேல் கை வைக்க ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்புக் கட்டணம்) கட்ட வேண்டுமாம். 65,000 ரூபாய்க்கு ஒரு அல்டர் டேபிள் (டேபிளின் அமைப்பை மாற்றும் கட்டளை) கிடையாதா?

வாங்கப் போகிறவர்களுக்கு: பணத்துக்கு முன் ஷோ கிரியேட் டேபிள் (டேபிளின் அமைப்பைக் காட்டும் கட்டளை) போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பேமெண்ட் ஐடி மேல் யுனிக் கீ (அதே யுனிக் கன்ஸ்ட்ரெய்ன்ட்) இருக்க வேண்டும், நாட் நல்லும் (காலியாக விடக்கூடாது என்ற விதி) கூடவே. நல், அதாவது காலி மதிப்பு எத்தனை வந்தாலும் மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸின் யுனிக் கீ விட்டுவிடும். ஏற்கெனவே இரட்டை வரி இருந்தால் கீ சேர்க்கும்போது 1062 பிழை (டூப்ளிகேட் இருக்கிறது என்பது) வரும். ஒரே ஐடி பல தடவை வந்திருப்பதை குரூப் பை, ஹேவிங் கவுண்ட் ஒன்றுக்கு மேல் என்று தேடி முதலில் சுத்தம் செய்யுங்கள். இன்சர்ட் இக்னோர் (பிழையைக் கண்டுகொள்ளாமல் சேர்ப்பது) வேண்டாம், மற்றப் பிழைகளையும் விழுங்கிவிடும். ஆன் டூப்ளிகேட் கீ அப்டேட் (ஏற்கெனவே இருந்தால் அதே வரியைப் புதுப்பிப்பது) போடுங்கள், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் என்றால் ஆன் கான்ஃப்ளிக்ட். ரீப்ளேஸ் பக்கமே போகாதீர்கள், பழைய வரியை அழித்துத்தான் புதிதாக எழுதும், கேஸ்கேட் (அதைச் சார்ந்த வரிகளையும் அழிக்கும் அமைப்பு) இருந்தால் பில் விவரமும் சேர்ந்து போகும்.