மரத்துக்கு வெள்ளை அடித்து அறையை வெளிச்சமாக்குகிறோம் என்று வருபவர்களிடம் கவனம்

அடர்நிற மர அலமாரி, மரப்பலகை பதித்த சுவர், கனமான கட்டில் என்று இருக்கும் அறையை வெளிச்சமாக்க ஆள் தேடுகிறீர்களா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். இந்த வேலையில் என் வீட்டு மரம் பாழாகிவிட்டது.

எங்களுக்குத் தந்த எஸ்டிமேட்டில் பழைய பாலிஷை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது, இரண்டு கோட் பிரைமர் (பெயின்ட் பிடிக்க முதலில் அடிக்கும் அடிப்பூச்சு), அதற்கு மேல் இரண்டு கோட் வெள்ளை என்று தெளிவாக எழுதியிருந்தது. பணமும் அதற்கே வாங்கினார்கள். நாங்கள் வீட்டில் இல்லாத நேரத்தில் வேலையை முடித்துவிட்டார்கள். முதலில் பளிச்சென்றுதான் இருந்தது. கொஞ்ச நாளிலேயே வெள்ளைக்குள்ளிருந்து மஞ்சளும் பழுப்புமாகக் கறை கிளம்பியது. அப்புறம் கைப்பிடிப் பக்கம் நகம் பட்டாலே பெயின்ட் தோல் தோலாக உரிந்து வந்தது. கேட்டதற்கு, "உங்க மரத்துல ஈரம் இருக்கு சார்" என்று பழியை மரத்தின் மேல் போட்டுவிட்டு, இன்னொரு கோட் அடிக்கத் தனியாகப் பணம் கேட்டார்கள்.

வேறொரு தச்சர் வந்து ஓரத்தைச் சுரண்டிக் காட்டினார். வெள்ளைக்கு நேர் கீழே பழைய பாலிஷ் பளபளப்பு மாறாமல் இருந்தது. தேய்க்கவும் இல்லை, பிரைமரும் இல்லை. பளபளப்பான பரப்பில் பெயின்ட்டுக்குப் பிடிமானம் கிடையாது, அதனால் உரிகிறது. கறைக்குக் காரணம் வேறு. ஓக், மகோகனி போன்ற மரங்களில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் அதிகம். தண்ணீர் கலக்கும் பெயின்ட்டை நேரடியாக அடித்தால் அந்த டானின் கரைந்து மேலே ஏறும். மேலே மேலே வெள்ளை அடித்தாலும் ஏறும். ஷெல்லாக் என்கிற அரக்கு சேர்ந்தது போன்ற கறைத்தடுப்பு பிரைமர்தான் அதை நிறுத்தும். நாங்கள் பணம் கட்டியும் அவர்கள் அடிக்காமல் விட்டது பிரைமரைத்தான்.

பழைய நிறத்துக்குத் திரும்பலாம் என்றால் அதுவும் முழுதாக நடக்கவில்லை. பாலிஷ் தேய்ந்திருந்த இடங்களில் மரத்தின் நுண்துளைகளுக்குள் வெள்ளை இறங்கிவிட்டது. பெயின்ட் ரிமூவர் போட்டும் அந்தப் புள்ளிகள் போகவில்லை. எனக்கு இன்னும் ஆறாதது இதுதான்.

விளக்கிலும் ஏமாற்றம். சீலிங் முழுக்க நீலம் கலந்த வெள்ளை ஒளி தரும் 6500 கெல்வின் எல்இடி, எல்லாம் நேர் கீழே பார்த்தபடி. தரையும் மேஜையும் கூசின, சுவர்கள் இருட்டாகவே நின்றன. செம்பழுப்புக் கட்டில் சாம்பல் பூத்ததுபோல் ஆனது. வெள்ளைப் பரப்பு தன்மேல் விழும் ஒளியில் 80 சதவீதத்துக்கு மேல் திருப்பித் தரும், அடர்நிற மரம் 10 சதவீதம் தந்தாலே அதிகம். ஆகவே வெளிச்சத்தைச் சுவரிலும் சீலிங்கிலும் விழவைத்தால்தான் அறை விரியும். அந்த விளக்குகளைக் கழற்றிவிட்டு, இளமஞ்சள் ஒளி தரும் 3000 கெல்வினில், நிறத்தைச் சரியாகக் காட்டும் சிஆர்ஐ 90-க்கு மேற்பட்ட விளக்குகளைச் சுவரை நோக்கித் திருப்பி வைத்தோம். சீலிங்குக்குப் பளபளப்பில்லாத வெள்ளை அடித்தோம். திரைக்கம்பியை ஜன்னலைவிட அகலமாகப் போட்டதால் திரை ஜன்னல் கண்ணாடியை மறைப்பதில்லை. தரையில் வெளிர்நிற விரிப்பு, ஜன்னலுக்குப் பக்கச் சுவரில் பெரிய நிலைக்கண்ணாடி. இதிலேயே போதிய வெளிச்சம் வந்துவிட்டது. வேலை தெரிந்த ஆள் என்றால், மரத்தைத் தொடும் முன் இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். பிடிக்காவிட்டால் இதையெல்லாம் மாற்றிக்கொள்ளலாம், மரத்தில் அடித்த வெள்ளையை அப்படி மாற்ற முடியாது.

பெயின்ட்தான் வேண்டும் என்று முடிவானால், ஒரு கதவின் உள்பக்கத்தில் மட்டும் முழு முறையையும் செய்து காட்டச் சொல்லுங்கள். பிரைமர் டப்பாவை உங்கள் கண்முன் திறக்கட்டும். தேய்த்த பின் ஒரு போட்டோ, பிரைமர் அடித்த பின் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். சில நாள் நன்றாகக் காயவிட்டு, பிளேடால் குறுக்கும் நெடுக்கும் லேசாகக் கீறி, டேப்பை அழுத்தி ஒட்டிச் சட்டென்று இழுங்கள். டேப்போடு பெயின்ட் வந்தாலோ, பழுப்புக் கறை தெரிந்தாலோ அங்கேயே வேலையை நிறுத்திவிடுங்கள். மீதிப் பணத்தை அதுவரை கையில் வைத்திருங்கள். நாங்கள் முழுதும் கொடுத்த பிறகு அவர்கள் போனையே எடுப்பதில்லை.